திருப்பணி நிறைவு அறிக்கை: கோபுரத்துக்கு முன்னால் லோங்காங் (வடிகால்)

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவில் கிள்ளானை அடுத்த நம் காப்பார் கோயில் திருப்பணி முடிந்து, கும்பாபிஷேகமும் 48 நாள் மண்டல பூஜையும் நிறைவடைந்த கையோடு இதை எழுதுகிறோம். வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியாகிவிட்டது, ஆண்டுக் கூட்டத்திலும் வைப்போம். இங்கே சொல்ல வேண்டியது, பணத்தில் பெரும்பகுதி ஏன் தரைக்கு அடியில் போனது என்பதைத்தான். கும்பாபிஷேகத்துக்கு வந்தவர்களில் நிறையப் பேர் கேட்ட முதல் கேள்வி, "கோபுரம் எங்கேங்க?"

2021 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறந்திருக்காது, ஆனால் அது மட்டும் காரணமில்லை. கிள்ளான் கடலோரம் தாழ்ந்த நிலம். ஏற்றத்தின்போது, அதாவது கடல்மட்டம் உயரும் நேரத்தில், பல இடங்களில் கடல் நம் தரையைவிட உயரத்தில் நிற்கும், கரையும் தண்ணீர்க் கதவுகளும்தான் அதைத் தடுத்து வைத்திருக்கின்றன. கதவு மூடியிருக்கும் நேரம் பார்த்து மழை கொட்டினால் நம் பக்கத்துத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, லோங்காங் நிறைந்து வந்த வழியே திரும்பிவிடும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் ஏற்றம் அதிகம், கிள்ளான் துறைமுகத்தில் 5 மீட்டரைத் தாண்டும். நமக்குக் கூட்டம் சேர்வதும் பௌர்ணமி பூஜைக்குத்தான், செருப்பெல்லாம் மிதந்து போனது அதனால்தான்! சுற்றிலும் பால்மரமும் (ரப்பர்) செம்பனையுமாக (எண்ணெய்ப் பனை) இருந்த காலத்தில் மண் கொஞ்சமாவது தண்ணீரைக் குடித்தது, இப்போது தாமான் (குடியிருப்பு), தொழிற்சாலை, தார் ரோடு என்று ஆனபிறகு பெய்வதெல்லாம் லோங்காங்குக்கே வருகிறது.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். பீடத்தில் ஈரம் ஏறி, சிலையைப் பீடத்தோடு ஒட்டும் அஷ்டபந்தன மருந்து பெயர்ந்திருந்தது, சுதைக்குள் இருந்த கம்பி துருப்பிடித்து வெடிப்பு விட்டிருந்தது. மண்டபத் தரையை மட்டும் உயர்த்தினால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். அப்படிச் செய்தால் பக்தர் மேலே நிற்க, அம்மன் பள்ளத்தில் இருப்பாள், ஸ்தபதி ஒப்பவே இல்லை. அதனால் பாலாலயம் (தற்காலிகச் சன்னிதி) செய்து மூர்த்திகளை இடம் மாற்றி, மூலஸ்தானத்திலிருந்து வாசல்வரை மொத்தத்தையும் தூக்கினோம். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், எருமை வெண்ணெய் எல்லாம் சேர்த்து மருந்து இடித்த நாள்களில் கை கொடுத்த இளைஞர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். தோள்வலி இன்னும் போயிருக்காது.

வெளி வேலைதான் இழுத்தது. நம் வளாகத்து லோங்காங் நம்முடையது. தாமான் ரோட்டோரம் இருப்பது மாநகராட்சியுடையது. ஐந்தாம் எண் கூட்டரசு சாலையோரம் பொதுப்பணி இலாகா, கடலுக்குப் போகும் பெரிய கால்வாயும் தண்ணீர்க் கதவும் வடிகால் நீர்ப்பாசன இலாகா, செம்பனைக்குள் ஓடுவது தோட்ட நிர்வாகம். தண்ணீருக்கு இந்த எல்லை எதுவும் தெரியாது, வெளி லோங்காங்கைச் சரிசெய்யக் கேட்டு மனு எழுதுகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஓர் அலுவலகத்தில் நம் மனுவை வாங்கி வைத்துவிட்டு, பல மாதம் கழித்து இது எங்கள் கால்வாய் இல்லை என்றார்கள். நடுவில் 2024 பிப்ரவரி 5-ஆம் தேதி கிள்ளான் அரச மாநகரானது, எல்லாவற்றையும் புதிய பெயருக்கு மறுபடி எழுதச் சொல்வார்களோ என்று செயலாளர் பயந்துபோனார், நல்லவேளை சொல்லவில்லை.

கவுன்சிலரிடம் சத்தம் போட்டிருக்கலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, இன்றைக்குக் கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு. ஓட்டைக் காட்டி மிரட்ட நமக்கு வழியில்லை. பலன் கொடுத்தது படங்கள்தான்: ஏற்ற அட்டவணையைப் பார்த்து, தண்ணீர் ஏறும் நேரத்தில் தேதி, மணியோடு எடுத்து மனுவுடன் இணைத்தோம். அப்புறம்தான் ஆள் வந்து பார்த்தார்கள், அடைத்துக் கிடந்த சேற்றை வாரினார்கள். நம் வாய்க்கால் வெளியே சேரும் இடத்தில், தண்ணீரை வெளியே விட்டு உள்ளே வருவதைத் தடுக்கும் கதவை நாமே வைத்தோம். அதில் பிளாஸ்டிக் பை ஒன்று சிக்கினாலும் சரியாக மூடாது, அன்னதானம் முடிந்ததும் இலை, பொட்டலம் எதையும் லோங்காங்கில் தள்ளாதீர்கள். பலமுறை சொல்லியாகிவிட்டது, இனியும் சொல்வோம்.

சமையல்கூடம், கழிவறை, வர்ணம் எல்லாம் முடிந்தன. கோபுரம் அடுத்த கட்டம், அதை எப்போது தொடங்குவது என்று ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நன்கொடை கொடுத்து ரசீது வாங்காதவர்கள் வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு பொருளாளரைப் பாருங்கள். வாய்க்கால் சுத்தம் செய்யும் முறைப் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது, அப்படியே பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.