உதவித்தொகை அட்டவணையில் விடுபட்ட கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் தரும் உதவித்தொகையை ஒப்பிட்டு, வருமான வரம்பை வைத்து அவற்றை வரிசைப்படுத்திய அட்டவணையோடு நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஹார்வர்டில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்குள் இருந்தால் கல்விக் கட்டணம் இல்லை, 1 லட்சத்துக்குள் என்றால் விடுதியும் சாப்பாடும்கூட இலவசம், எம்ஐடியிலும் அதே வரம்புகள், பிரின்ஸ்டனில் 1.5 லட்சம் வரை எல்லாமே இலவசம். எண்கள் சரிதான். ஆனால் 1 லட்சம் டாலர் என்பது 80 லட்சம் ரூபாய்க்கும் மேல். உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லா வரம்புக்கும் கீழேதான் வருவார்கள். எல்லோரும் பாஸாகிவிடும் தேர்வில் ரேங்க் எதற்கு?

இங்குள்ள பெற்றோருக்கு முதலில் தெரிய வேண்டியது, உதவித்தொகை கேட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு குறையுமா என்பதுதான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களையும் குடும்ப வசதி பார்க்காமல் தேர்ந்தெடுத்து, தேவைப்படும் தொகை முழுவதையும் தருகின்றன. டார்ட்மத்தும் போடினும் 2022இல் இந்த வரிசைக்கு வந்தன. பிரவுன் 2025இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல் அப்படியில்லை. உள்நாட்டு மாணவரிடம் பார்க்காத வசதியை நம் பிள்ளைகளிடம் பார்ப்பார்கள்.

ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு சிக்கல். விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், இளநிலைப் படிப்பு முடியும்வரை அதைக் கேட்க முடியாது. 'முதலில் சீட் கிடைக்கட்டும், அப்புறம் பணத்தைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் ஆலோசகர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

வசதி பார்ப்பதில்லை என்ற உறுதிமொழியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டியதாகவும், கூட்டுச் சேர்ந்து உதவித்தொகையைக் குறைத்ததாகவும் 2022இல் பல பல்கலைக்கழகங்கள் மீது வழக்கு வந்தது. யேல், பிரவுன், டார்ட்மத் எல்லாம் தவறை ஒப்புக்கொள்ளாமல் பணம் கொடுத்து அதை முடித்துக்கொண்டன.

சேமிப்பு, நிலம், இரண்டாவது வீடு இதெல்லாம் வருமானத்துக்கு மேல் தனிக் கணக்கு. அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல இடங்களில் நவம்பர் 1தான் கடைசி நாள். அதற்குள் இந்த விவரங்களையும் சேர்த்து அட்டவணையை மறுபடி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பிளஸ் டூ மாணவியின் தந்தை,
திருச்சி