பொருள்: சீரியல் கார்டு டிரைவர் திருத்தம் பழைய கெர்னல்களுக்கு வராதது குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நான்கு போர்ட் பிசிஐ எக்ஸ்பிரஸ் சீரியல் கார்டை எங்கள் லாரி எடைமேடைக் கணினியில் போட்டிருக்கிறோம். அதில் ஓடுவது டெபியன் 12 என்ற லினக்ஸ் சிஸ்டம், அதனோடு வரும் 6.1 கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி). காலையில் ஆன் செய்தால் பல நாள் கார்டு வேலை செய்வதில்லை. பொருத்திய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டு தெரிகிறது. ஆனால் ரீசெட்டுக்குப் பின் சிப் பதில் தரவில்லை என்று லாக்கில் எழுதிவிட்டு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒதுங்கிவிடுகிறது. ரீபூட் செய்தால் சரியாகிறது. அதற்குள் லாரிகள் வரிசை கட்டிவிடும், வசவு எங்களுக்குத்தான்.

காரணம் உங்களுக்கே தெரியும். ரீசெட்டுக்குப் பின் 100 மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும் என்கிறது உங்கள் டேட்டாஷீட். டிரைவர் காத்திருப்பதோ 10. ரீபூட்டில் கார்டுக்கு மின்சாரம் அறுவதில்லை, சிப்பின் கிளாக் ஏற்கெனவே நிலையாக இருக்கிறது, அதனால் தப்பிக்கிறது. உங்கள் பொறியாளர்கள் இதை 6.12 கெர்னலில் திருத்தியும்விட்டார்கள். ஆனால் அந்தத் திருத்தத்தின் பேட்சில், எந்தப் பழைய மாற்றத்தின் பிழையைச் சரிசெய்கிறது என்று சொல்லும் 'ஃபிக்சஸ்' வரியும் இல்லை, பழைய கெர்னல்களுக்குத் திருத்தங்களைக் கொண்டுசேர்க்கும் ஸ்டேபிள் குழுவுக்கு நகலும் போகவில்லை. 6.1-க்கு அது வந்து சேரவே இல்லை.

உதவி மையத்தில் கேட்டால் 6.12-க்கு மாறச் சொல்கிறார்கள். எடைமேடை மென்பொருள் கொடுத்தவர் டெபியன் 12-க்கு மட்டுமே பொறுப்பேற்கிறார். ஓர் எண்ணுக்காக முழு சிஸ்டத்தையும் மாற்றுவதா? பெட்டியில் "லினக்ஸ் 5.10 முதல்" என்று அச்சிட்டு விற்றது நீங்கள்தானே!

பேட்ச் பழைய கெர்னலில் நேரடியாக ஒட்டாது என்றும் சொன்னார்கள். சரி, 6.12-இல் ரீசெட் பகுதி தனி ஃபங்ஷன், 6.1-இல் அது கார்டைத் தொடக்கத்தில் தயார்செய்யும் புரோப் ஃபங்ஷனுக்குள்ளேயே இருக்கிறது. இடம்தான் வேறு, வரி அதே வரி. நாங்களே மாற்றி கம்பைல் செய்து ஓட்டினோம். காலைத் தொல்லை நின்றது. ஆனால் ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் டிரைவர் மாட்யூலை மறுபடி பில்டு செய்து, கையொப்பமில்லாததை ஏற்காத செக்யூர் பூட்டுக்காகக் கையொப்பமும் போட வேண்டியிருக்கிறது. இது வாங்கியவன் வேலையா?

ஸ்டேபிள் விதிகளும் அப்படியொன்றும் கடினமில்லை. திருத்தம் மெயின்லைன் என்ற முதன்மைக் கெர்னலில் ஏறியிருக்க வேண்டும், 100 வரிக்கு மேல் போகக் கூடாது, உண்மையான கோளாறைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் பேட்சுக்கு எல்லாமே பொருந்துகிறது.

எனவே 5.10, 5.15, 6.1, 6.6 கெர்னல்களுக்கு ஏற்ப மாற்றிய பேட்சுகளை மெயின்லைனில் அந்தத் திருத்தம் பதிவான கமிட் எண்ணோடு ஸ்டேபிள் குழுவுக்கு அனுப்புங்கள். என்றைக்கு அனுப்புவீர்கள் என்பதை இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். முடியாதென்றால் கார்டை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

பில் நகல், கெர்னல் லாக், நாங்கள் போட்ட பேட்ச் மூன்றையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்