அந்தக் குழாயைக் கழற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வாகனங்களுக்குக் காசைக் கொட்டி மினுக்குவதெல்லாம் வெளிநாட்டுக் காசு படுத்தும் பாடு என்று போன கிழமை ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதி சரி. மற்றப் பாதிக்காக, அந்த வண்டிகளில் மிஞ்சியிருக்கும் மண்ணெண்ணெய்க் காலத்துக் குழாய்களுக்காக, இதை எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு ஒஸ்ரின் ஏ 55 பிக்கப் நிற்கிறது, பழைய ஸ்ரீ நம்பர் தகடு. பின்பெட்டியில் கோழி அடைத்து வைத்திருந்த ஒருவரிடம் வாங்கியது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு கறள் பிடித்த தகரத்துக்கும் விலை ஏறிவிட்டதால் மலிவாகவும் கிடைக்கவில்லை. இப்போது தங்கச்சியின் மகன் அதை ஷோ வண்டியாக்குகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நன்றாக நிலத்தோடு பதித்து (உயரத்தைக் குறைத்து), குரோம் பூசி, கலியாண வீடு, சாமத்திய வீட்டுக்கு வாடகைக்கு விடலாமாம். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்.

பதிப்பதிலும் ஒரு விசயம் இருக்கிறது. பின்பக்க அக்சில் ஸ்பிரிங் பட்டைக்கு மேலே இருந்தால் இரண்டுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்க வண்டி பதியும். பட்டை மேலே, அக்சில் கீழே என்றால் அதே கட்டை வண்டியைத் தூக்கிவிடும். இதைப் பார்க்காமல் கட்டை வைத்து, விசுவமடுப் பக்கம் ஒருவருடைய பிக்கப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். பிறேக்கைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அந்தக் காலத்து வண்டிகளுக்கு பிறேக் ஒயிலைத் தள்ள ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரு குழாய் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிறேக் போய்விடும். பெயின்ற் எல்லாம் அதற்குப் பிறகு.

சரி, சண்டை எங்கே வந்தது என்றால், டாஷ்போர்ட்டுக்குக் கீழே இருந்த ஒரு பித்தளைத் திருகு குழாயில். இரண்டு பக்கமும் திருப்பலாம்: ஒரு பக்கம் பெற்றோல், மறுபக்கம் மண்ணெண்ணெய். பெடியன் அதை வெட்டி எறிந்து, ஓட்டைக்குப் பட்டி வைத்து அடைக்கப் பார்த்தான். அவனுக்கு அது என்ன என்றே தெரியாது, 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு பிறந்தவன்.

1990 இல் போர் நேரத்தில் அரசாங்கம் பெற்றோலைத் தடை செய்த பிறகு வன்னியில் இந்தக் குழாயில்தான் வாகனம் ஓடியது. கொம்பிரஷன் (எரிவதற்கு முன் உள்ளே அமுக்கும் அளவு) குறைந்த பழைய என்ஜின் என்பதால்தான் மண்ணெண்ணெய்க்கு ஒத்துக்கொண்டது. சூப்பிப் போத்தலால் கபிரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் பீய்ச்சி ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் குழாயைத் திருப்புவோம், அப்புறம் கண் எரிய எரிய வெள்ளைப் புகைதான். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து ஒயிலோடு கலக்கும், அதனால் அளவுக்கம்பியில் ஒயில் குறையாமல் கூடிக்கொண்டே போகும்! நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்ற மறந்தால் அடுத்த நாள் காலையில் அயலட்டையே சேர்ந்து தள்ள வேண்டும். எங்கள் வீட்டு ஒஸ்ரின் ஏ 40 ஐ 2009 இல் முள்ளிவாய்க்கால் றோட்டில் சாவியோடு விட்டுவிட்டு வந்தோம். அதிலும் இதே மாதிரிக் குழாய்தான்.

குரோம் பம்பர் எந்த ஊரிலும் செய்யலாம். இந்தக் குழாயை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? அதனால் பழைய வண்டியை ஷோவுக்கு மாற்றும் பெடியளிடம் உங்கள் பத்திரிகை மூலம் கேட்கிறேன்: நிலத்தோடு பதியுங்கள், மினுக்குங்கள், என்ஜினை மாற்றினால் மறக்காமல் வாகனப் புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள், ஆனால் மண்ணெண்ணெய்க் காலத்துச் சாமான் எது கிடைத்தாலும் வெட்டாமல் துடைத்து அப்படியே விடுங்கள். பள்ளிக்கூடக் கண்காட்சிகளிலும் இந்த வண்டிகளுக்கு ஒரு மூலை கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் குழாய் தப்பிவிட்டது, பிரசோ போட்டுத் துலக்கியவன் பெடியன்தான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டியைக் கொண்டு வருவோம், போனெற்றையும் கதவையும் திறந்தே வைத்திருப்பேன். யாரும் குழாயைத் திருப்பிப் பார்க்கலாம், ஹோர்னை மட்டும் அமத்தாமல் இருந்தால் சரி.

பிக்கப்காரன்,
பரந்தன்.