போர் வரலாறு எழுதும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

இரண்டாம் உலகப் போரைப் பற்றி நீங்கள் தமிழில் எழுதுவதையும் பேசுவதையும் விடாமல் படிக்கிறேன், கேட்கிறேன். இத்தாலிப் போர்முனை என்று வந்துவிட்டால் மட்டும் பெரும்பாலும் ஒரே கதைதான். 1944 டிசம்பர் 26 அன்று செர்க்கியோ பள்ளத்தாக்கில் ஜெர்மன் படை தாக்கியது. அமெரிக்காவின் 92வது டிவிஷனைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் ஓடிவிட்டார்கள். 8வது இந்திய டிவிஷன் விரைந்து வந்து காப்பாற்றியது.

நம் ஆட்கள் வந்தது உண்மை. அமெரிக்க முன்வரிசை உடைந்ததும் உண்மை. அது உடைந்ததற்குத் தோல் நிறத்தைக் காரணமாக்கியது யார் என்று விசாரிக்காமல் அப்படியே எடுத்து எழுதுகிறோமே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அதே நாள், அதே பள்ளத்தாக்கு, சொம்மோகொலோனியா என்ற மலைக் கிராமம். 92வது டிவிஷனோடு இணைக்கப்பட்ட 366வது கறுப்பின ரெஜிமெண்டின் லெப்டினன்ட் ஜான் ஃபாக்ஸ் ஒரு வீட்டு மாடியில் இருந்துகொண்டு பீரங்கிகளுக்கு இலக்கு சொல்லிக்கொண்டிருந்தார். எதிரிகள் தெருத்தெருவாக நெருங்க நெருங்க, குண்டுகளை இன்னும் கிட்டே, இன்னும் கிட்டே போடச் சொன்னார். கடைசியாக அவர் சொன்ன இலக்கு அவர் நின்ற இடமேதான். மறுமுனையில் இருந்தவர் தயங்கியும் ஃபாக்ஸ் விடவில்லை. பிற்பாடு ஊரை மீட்டபோது அவருடைய உடலைச் சுற்றி சுமார் நூறு ஜெர்மன் வீரர்களின் உடல்கள் கிடந்ததாக அவருடைய விருதுக் குறிப்பு சொல்கிறது. "ஓடினார்கள்" என்று எழுதுகிற பத்தியில் இவருக்கு ஏன் இடமில்லை?

அந்தத் தீர்ப்பு போருக்கு வெகு முன்பே எழுதப்பட்டுவிட்டது. கறுப்பினத்தவர் பிறவியிலேயே தாழ்ந்தவர்கள், போர்முனைக்குத் துணிச்சல் போதாதவர்கள் என்று 1925-லேயே அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய வெள்ளை அதிகாரிகளின் வாக்குமூலம்தான் அதற்கு முக்கிய ஆதாரம். ஆனால் அதே போரில் 369வது கறுப்பின ரெஜிமெண்ட் பிரெஞ்சுத் தளபதிகளின் கீழ் சண்டையிட்டு பிரெஞ்சு வீரப்பதக்கம் வாங்கியிருந்தது.

92வது டிவிஷனின் தளபதி எட்வர்ட் ஆல்மண்ட் வர்ஜீனியாக்காரர். கறுப்பினத்தவர் காலாட்படைக்கு லாயக்கில்லை என்பது அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளாத கருத்து. தோல்விக்குப் பொறுப்பேற்க வேண்டிய அவரே அதற்கான காரணத்தையும் எழுதினார். படைக்குப் பயிற்சி கொடுத்த அரிசோனா முகாமில் அதிகாரிகள் மன்றம்கூட வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. வெள்ளை அதிகாரிகளுக்கு மேலே கறுப்பின அதிகாரி வராமல் பார்த்துக்கொண்டார்கள். செத்தவர், காயம்பட்டவர் இடத்தை நிரப்பப் பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைக்கவில்லை, ஏனென்றால் கறுப்பினப் படைக்குக் கறுப்பின வீரர்களையே அனுப்ப வேண்டும் என்பது விதி. ஃபாக்ஸின் ரெஜிமெண்ட் அதற்கு முன் விமானத் தளங்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. புதிதாகப் பயிற்சி எதுவும் தராமல் துண்டு துண்டாகப் பிரித்து முன்வரிசைக்குத் தள்ளினார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு டிசம்பர் 26-ஐ மட்டும் சொல்வது எப்படி வரலாறாகும்?

அதே மாதம் 19-ம் தேதி, பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டில் அமெரிக்காவின் 106வது டிவிஷனைச் சேர்ந்த இரண்டு ரெஜிமெண்டுகள் ஆயிரக்கணக்கில் சரணடைந்தன. வெள்ளையர் படை. அனுபவமில்லாத வீரர்கள், நீளமான முன்வரிசை, உளவுத்துறை கோட்டை விட்டது என்று வரலாற்றாசிரியர்கள் பொறுமையாகக் காரணம் தேடினார்கள். தேடியது சரிதான். வெள்ளை இனத்தின் குணம் அது என்று ஒருவரும் எழுதவில்லை.

இரண்டாம் உலகப் போருக்கான மெடல் ஆஃப் ஹானர் என்கிற அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது, போர் முடிந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியும் ஒரு கறுப்பின வீரருக்குக்கூடக் கிடைக்கவில்லை. 1997-ல்தான் ஏழு பேருக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஃபாக்ஸ் ஒருவர். உயிரோடிருந்து கையில் வாங்கியவர் வெர்னன் பேக்கர் மட்டும்; அவரும் 92வது டிவிஷன்காரர்.

இந்த வகை எழுத்தின் அடி நம் முதுகிலும் விழுந்திருக்கிறது. 1880-களில் மெட்ராஸ் ராணுவத்தின் தளபதியாகவும் பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய்களுக்கு வடக்கத்தியரின் போர்க்குணம் இல்லை என்று முத்திரை குத்தினார். நம்மவர்களின் ஆள்சேர்ப்பு குறைந்துகொண்டே போனது. சில இனத்தவரே போருக்குப் பிறந்தவர்கள் என்கிற 'போர்க்குடிகள்' கொள்கையை எதிர்த்துக் கொதிக்கிற நாமே, ஆல்மண்டின் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளலாமா?

நான் கேட்பது இதுதான். இனி அந்தத் தாக்குதலைப் பற்றி எழுதும்போது, "ஓடினார்கள்" என்று அறிக்கை கொடுத்தவர் யார், அவருக்கு அந்தப் படையில் என்ன பொறுப்பு என்பதையும் அதே பத்தியில் சொல்லுங்கள். ஃபாக்ஸின் பெயரைச் சேருங்கள். ஏற்கெனவே வெளியிட்டவற்றையும் திருத்துங்கள், குறிப்பாகப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிற வீடியோக்களை.

அன்புடன்,
உங்கள் வாசகர்களில் ஒருவன்