சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடும் மேலாளர்களுக்கு

பணிநேர அட்டவணை போடுபவர்களே, வணக்கம்.

சர்க்கரை நோயாளி என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஊரே இருக்கிறது. எப்போது சாப்பிடுவார் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நீங்கள்தான்.

உணவையொட்டிப் போடும் விரைவு இன்சுலினைப் பலர் சாப்பிடுவதற்கு ஏறக்குறைய 15 நிமிடம் முன்பு போட்டுக்கொள்கிறார்கள். அதன்பின் "இதை முடித்துவிட்டுப் போங்களேன்" என்று நீங்கள் நிறுத்தினால் ஆள் நிற்பார், மருந்து நிற்காது. ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே இறங்கி வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளாலும் இது நேரும். சாப்பாடு வந்ததா இல்லையா என்று பாராமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை அவை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எனவே யாருடைய இடைவேளையைத் தள்ளவே கூடாது என்று ஊழியரிடமே கேட்டு வையுங்கள்.

லோ சுகர் ஆனவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி 15 கிராம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரணச் சீனியும் மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸே வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

இரவுப் பணி வேறு சிக்கல். இரவில் குளுக்கோஸைக் கையாளும் திறன் உடலுக்குக் குறைவு. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், இரவுப் பணி போன்ற சூழலில் இரவிலும் சாப்பிட்ட நலமான மனிதர்களுக்குச் சராசரி குளுக்கோஸ் 6.4% ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. சிறிய ஆய்வுதான். அதை வைத்து இன்சுலின் போடுபவரை விடியும்வரை பட்டினி போட்டுவிடாதீர்கள்! பணிக்கு வருமுன் முழு உணவு, நள்ளிரவுக்குப் பின் பசித்தால் கொஞ்சம் என்பது பலருக்கு ஒத்துவரும்; ஊசி, மாத்திரை அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

இடைவேளை குறைந்தது 30 நிமிடமாவது இருக்கட்டும். காய்கறி, புரதம் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று சாப்பிட்டால் சர்க்கரை குறைவாக ஏறும்; பத்தே நிமிடம் கொடுத்தால் கைக்குக் கிடைத்ததுதான் முதலில் உள்ளே போகும். மீதி நேரத்தில் 10 நிமிடம் நடந்தால் தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

குளுக்கோஸ் மாத்திரைகளை வேலை செய்யும் இடத்திலேயே, கைக்கெட்டும்படி வைக்க அனுமதியுங்கள். பூட்டிய முதலுதவிப் பெட்டியில் வேண்டாம். கை நடுங்குபவரால் சாவி தேட முடியாது.

இப்படிக்கு,
சர்க்கரை நோய் உணவு ஆலோசகர்கள்