அலுமாரி நகையள் பற்றி பிள்ளைக்கு

என்ர குஞ்சு,

சுகமா இருக்கிறியோ, சின்னவனுக்கு இருமல் மாறீட்டுதோ. இஞ்ச வெள்ளவத்தையில ஒரு கிழமையா விடாம மழை, அப்பா ரோட்டுக்கு இறங்கேலாமல் வீட்டுக்கயே நிக்கிறார், அதுவும் ஒரு வசதியாப் போச்சு, ஏனெண்டு சொல்லுறன்.

போன ஞாயிறு நீ போனில சொன்னாய், அம்மா உந்த நகையளை வீட்டுக்க வைச்சுக்கொண்டு ஏன் பயந்துகொண்டு இருக்கிறியள், எல்லாத்தையும் வித்துக் காசாக்கி பாங்கில போடுங்கோ, நான் இஞ்ச உதொண்டும் போடுறேல்ல எண்டு. நான் அதுக்கு மறுமொழி ஒண்டும் சொல்லேல்ல, நீயும் அம்மாக்குக் கோவம் போல எண்டு நினைச்சிருப்பாய். கோவமில்லை ராசாத்தி. எனக்கு அந்த நேரம் அப்பம்மான்ர பதக்கச் சங்கிலிதான் ஞாபகம் வந்தது, அதைப் பற்றிப் பிறகு எழுதுறன். அண்டைக்கு இரவு நித்திரையே வரேல்ல. விடிய எழும்பி கட்டிலில வெள்ளைத் துணி விரிச்சு, அலுமாரி லாச்சியில இருந்த எல்லாத்தையும் கொட்டினன். வெள்ளைத் துணி எண்டா ஒரு சின்னத் தோட்டுச் சுரை உருண்டாலும் கண்ணில படும். மூண்டு நாள் எடுத்தது பிள்ளை.

எப்பிடி வைச்சிருந்தனான் எண்டு பாத்தா எனக்கே மனசு கேக்கேல்ல. பிஸ்கட் தகரத்துக்க பாதி, கடையில தந்த சிவப்புப் பையில கொஞ்சம், பவுடர் டப்பாவுக்க தோடுகள், அப்பான்ர நீலக்கல் மோதிரம் ஒரு மெல்லிசுப் பதக்கத்துக்கு மேல கிடந்து அதைக் கீறி வைச்சிருக்கு. கல்லெல்லாம் பொன்னைவிட எவ்வளவு கடினம் எண்டு நான் யோசிக்கவே இல்லை, கடினத்தை 1 தொடக்கம் 10 மட்டும் எண்ணுவினம் எல்லே, வைரம் 10, நீலமும் சிவப்பும் 9, பவுணும் முத்தும் மூண்டுக்குக் கிட்ட நிக்கும். அப்ப ஒண்டா ஒரு பெட்டியில போட்டா யார் யாரைக் கீறும் எண்டு பார். இரத்தினபுரிக் கல் எண்டு பெருமையா வாங்கினது, அதுவே பக்கத்தில இருந்ததைப் பழுதாக்கிப் போட்டுது.

உன்ர வெள்ளிக் கொலுசு ஞாபகமிருக்கோ, பள்ளிக்கூட விழாவுக்குப் போட்டது? சோடி பிரியாம இருக்கட்டும் எண்டு நான்தான் ரப்பர் பேண்ட் போட்டுச் சுத்தி வைச்சனான். இப்ப எடுத்துப் பாத்தா ரப்பர் இருந்த இடமெல்லாம் கரி கோடு கீறின மாதிரி கறுத்துப் போய்க் கிடக்கு, மற்ற இடம் லேசா மஞ்சள்தான். ரப்பருக்க கந்தகம் இருக்குதாம், வெள்ளி கறுக்கிறதே கந்தகத்தோட சேர்ந்துதான், அதோட எங்கட வீடு கடலுக்குக் கிட்ட, காத்தில ஈரம், ஈரம் கூடினா இன்னும் கெதியாக் கறுக்கும். ஜன்னல் கொளுக்கியே மாதத்துக்கொருக்கா துருப்பிடிக்குது எண்டா வெள்ளி என்ன செய்யும். நீ உங்க வைச்சிருக்கிற வெள்ளிச் சாமானுக்கு ரப்பர் போடாத, கம்பளித் துணியிலயும் சுத்தாத, அதுக்கயும் கந்தகம் இருக்கு. பருத்தித் துணிதான் நல்லது.

அதாலதான் அப்பான்ர பழைய வேட்டி ரெண்டை எடுத்தன். கஞ்சி போடாம நல்லாத் தோய்ச்சுக் காயவிட்டு, சின்னச் சின்னப் பையா வெட்டித் தைச்சன், கையாலதான், தையல் மெசின் பழுது. ஒரு பைக்க ஒரு சாமான் மட்டும். வெள்ளிப் பையளோட ஈரம் உறிஞ்சுற அந்தச் சின்னப் பக்கற் போட்டிருக்கிறன், குளிசைப் போத்திலுக்கயும் சப்பாத்துப் பெட்டிக்கயும் வருமே, அதுகளை எறியாமச் சேர்த்து வை, நீ வரேக்க கொண்டுவா. அது முத்துக்குப் பக்கத்தில மட்டும் கூடாது, முத்துக்குக் கொஞ்சம் ஈரம் வேணும், நல்லாக் காய்ஞ்சா வெடிச்சுப் போகும்.

முத்து எண்டோன்ன சொல்லோணும். சித்தி சிங்கப்பூரில இருந்து கொண்டுவந்த முத்துமாலையை நான் பொலித்தீன் பைக்க போட்டு இறுக்கி மூடி, தொங்கவிட்டு வைச்சிருந்தனான், கவனமா வைச்சிருக்கிறன் எண்டுதான் நினைச்சனான். இப்ப நூல் இழுபட்டு முத்துக்கு முத்து இடைவெளி, பளபளப்பும் மங்கீட்டுது. முத்து கல்லில்லை, சிப்பிக்க வளந்தது, வேர்வையும் சென்ற்றும் பட்டா மேல்தோல் தின்னுப்படும். படுக்க வைக்கோணும், காத்துப் போற துணியில வைக்கோணும், போடேக்க எல்லாம் உடுத்து சென்ற் அடிச்சு முடிச்ச பிறகு கடைசியாப் போட்டு வந்தோன்ன முதல் கழட்டி ஒருக்கா துடைச்சு வைக்கோணும். இனி புது நூலில, ஒவ்வொரு முத்துக்கும் இடையில முடிச்சுப் போட்டுக் கோக்கக் குடுக்கப் போறன்.

சங்கிலி நாலு ஒண்டோட ஒண்டு சிக்கி ஒரு உருண்டையாக் கிடந்துது. இழுத்துப்போடாத, என்ன அவசரம் வந்தாலும் இழுக்காத, மெல்லிசுச் சங்கிலி வளையம் விரிஞ்சு போகும். கண்ணாடித் தட்டில வைச்சு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ரெண்டு ஊசியால மெல்ல மெல்லப் பிரிச்சன், மத்தியானம் முழுக்க அதுக்கே போச்சுது. இப்ப ஒவ்வொண்டையும் ஒரு ஸ்ட்ரோவுக்கால விட்டு கொக்கியைப் பூட்டி வைச்சிருக்கிறன், திரும்பிச் சிக்காது.

அம்மம்மான்ர அட்டியல் கதை உனக்குத் தெரியாது. அது ஊரில பத்தர் வீட்டில இருந்து செய்தது, சிவப்புக் கல்லுக்குப் பின்னால மெல்லிசுத் தகடு வைச்சு அரக்கில பதிச்சது. அந்தத் தகட்டில வெளிச்சம் பட்டுத் திரும்பித்தான் கல் அப்பிடி எரியிற மாதிரித் தெரியும். சில வருசத்துக்கு முன்னம் ஒரு கலியாணத்துக்கு எண்டு கழுவக் குடுத்தன், கடைக்காரன் கேட்டுக் கேள்வியில்லாம மெசின் தண்ணிக்க போட்டிட்டான். ரெண்டு கல் கறுத்துப் போச்சு, ஒண்டு ஆடுது. கேட்டா பழைய சாமான் அப்பிடித்தான் எண்டு சொன்னான். எனக்கு அண்டைக்கு அழுகை வந்திட்டுது, வீடு வந்துதான் அழுதனான். பின்னுக்கு மூடின வேலை எதையும் தண்ணியில போட விடாத, காய்ஞ்ச மெல்லிசுப் பிரஷால தூசி தட்டி துணியால ஒத்தினாக் காணும். கல்லில்லாத வெறும் பவுண் எண்டா பயமில்லை, இளஞ்சூட்டுத் தண்ணியில பூந்திக்கொட்டை ஊறப்போட்டு நுரை வரப் பண்ணி குழந்தைப் பிள்ளையளின்ர பல் பிரஷால தேய். குளோரின் தண்ணி மட்டும் படவிடாத, நீச்சல் குளத்துக்குப் போகேக்க மோதிரத்தைக் கழட்டு.

இப்ப நான் மறுமொழி சொல்லாததுக்கு வாறன்.

1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்தில சண்டைக்குப் பயந்து வலிகாமமே வெளிக்கிட்ட இரவு, உனக்கு ஐஞ்சு வயசு, நீ அப்பான்ர தோளில நித்திரை. மழை. நாவற்குழிப் பாலத்தடியில சனம் ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். அம்மம்மா தாலிக்கொடியையும் அட்டியலையும் உள்பாவாடை நாடாவுக்க தைச்சு இடுப்பில கட்டியிருந்தவ, அதில தோல் உரிஞ்சு சாவகச்சேரி போற மட்டும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. பிறகு ஒண்டொண்டாத்தான் போச்சுது. என்ர காப்புச் சோடி வவுனியாவில, கொழும்புக்குப் போக அனுமதிப் பாஸ் வருமட்டும் இருக்க இடத்துக்கும் சாப்பாட்டுக்கும். மற்றச் சோடி இஞ்ச வந்து வீட்டு அட்வான்ஸுக்கு. நீ கனடா வெளிக்கிடேக்க அப்பம்மான்ர பதக்கச் சங்கிலி. வித்ததுக்கு நான் ஒரு நாளும் கவலைப்படேல்ல, பவுண் எண்டது அதுக்குத்தானே, எங்களை மாதிரி ஓடின சனத்துக்கு இடுப்பில கட்டிக்கொண்டு போற பாங்க் அது.

ஆனா அந்தப் பதக்கத்தில என்ன இருந்தது எண்டு இப்ப எனக்குச் சரியா ஞாபகமில்லை. அன்னமோ மயிலோ. அப்பா அன்னம் எண்டுறார், நான் மயில் எண்டுறன். ஒரு படம் இல்லை, எங்கட கலியாண அல்பத்தில அப்பம்மான்ர சேலைத் தலைப்புக்க அரைவாசி மறைஞ்சு கிடக்கு, பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தும் தெரியேல்ல. அதுதான் எனக்கு வலிக்கிறது. நீ விக்கிறதெண்டா வில், நான் மறிக்கேல்ல, ஆனா எது ஆற்ற, எப்பிடி வந்தது எண்டு தெரிஞ்சுகொண்டு வில்.

அதுக்குத்தான் இப்ப ஒரு சீஆர் கொப்பி போட்டிருக்கிறன். அப்பா வீட்டில நிண்டது அங்கதான் உதவி. சின்ன டிஜிற்றல் தராசு ஒண்டு புறக்கோட்டையில வாங்கினது, அவர் நிறுத்து கிராமைச் சொல்ல நான் எழுதினன். சாமான், ஆற்ற, எப்ப வந்தது, எத்தினை கிராம், கல் இருக்கோ, வித்தாப் பரவாயில்லையோ இல்லையோ. கடைசியா எழுதினதை நான் வடிவா யோசிச்சு எழுதியிருக்கிறன். 2003 இல வாங்கின ரெண்டு வெறுஞ் சங்கிலி, அந்த நெக்லஸ், என்ர நாலு வளையல், உதுகள் காசுக்கெண்டே வாங்கினது, விக்கலாம். ஒரு பவுண் 8 கிராம் எண்டு கணக்குப் பார், கல்லிருந்தா கல்லின்ர நிறையைக் கழிச்சுத்தான் தருவினம், செய்கூலி திரும்பி வராது. கண் ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்குச் சின்ன எழுத்துத் தெரியுது, அதால கொக்கிக்குப் பக்கத்தில 916 எண்டு அடிச்சிருக்கிறதெல்லாம் வாசிச்சு எழுதியிருக்கிறன், அது 22 கரட். ஊர்ப் பத்தர் செய்ததில ஒண்டும் அடிச்சிராது, செட்டித்தெரு நகைக்கடையளில மெசினில வைச்சு வெட்டாமலே மாத்துச் சொல்லுவினம், முன்னால நிண்டு பாத்துக்கொண்டு குடு. பழசில பத்தவைச்ச பொடி கூட, அதால மாத்துக் கொஞ்சம் குறைச்சுக் காட்டும், ஏமாத்தினாங்கள் எண்டு நினைக்காத.

தாலிக்கொடி 11 பவுண், 88 கிராம், அது பாங்க் லொக்கரில. லொக்கரில உன்ர பேரையும் சேர்க்கோணும், இந்த முறை வரேக்க அடையாள அட்டையும் பாஸ்போட்டும் மறக்காமக் கொண்டுவா, அந்த அலுவலைத்தான் முதல் செய்யிறம். மிச்சத்தை மூண்டு இடத்தில பிரிச்சு வைச்சிருக்கிறன், எங்கயெண்டு இதில எழுதமாட்டன், வந்தோன்ன காட்டுறன். அரிசி வாளிக்கயோ சாமிப் படத்துக்குப் பின்னாலயோ இல்லை, அந்த இடமெல்லாம் கள்ளனுக்கு எங்களைவிட நல்லாத் தெரியும். வெளியில போகேக்க நான் இப்ப கவரிங் சங்கிலிதான் போடுறன், மோட்டச்சைக்கிளில வந்து அறுக்கிற காலம். அதைப் பவுணோட கலக்காம வேற டப்பாவில வைச்சிருக்கிறன்.

ஒவ்வொண்டையும் அடிமட்டத்துக்குப் பக்கத்தில வைச்சு முன்னுக்கும் பின்னுக்கும் படம் எடுத்தாச்சு. உனக்கு மட்டும் அனுப்புவன், குடும்ப வட்ஸ்அப் குரூப்பில போடாத. பில்லுகளில பாதி எழுத்து அழிஞ்சு வெறும் வெள்ளைத் தாளாப் போச்சு, வெக்கைக்கு அந்தத் தாள் அப்பிடித்தான் போகும், மிஞ்சினதை எல்லாம் போட்டோக் கொப்பி அடிச்சு வைச்சிருக்கிறன்.

ஒண்டு மட்டும் விக்காத பிள்ளை. உன்ர பஞ்சாயுதம். 31 ஆம் நாள் உனக்குக் கட்டினது, சங்கு சக்கரம் வாள் தண்டு வில் அஞ்சும் என்ர சின்னவிரல் நகத்தளவுத் தகட்டில. ரெண்டு கிராம் கூட வராது. வில்லுப் பக்கம் விளிம்பு உள்ளுக்கு மடிஞ்சிருக்கும், நடுவில ஒரு சின்னக் குழி. உனக்கு முதல் பல் முளைக்கேக்க நீ கடிச்சது. பவுண் அவ்வளவு மெத்து. நிமித்தித் தாறன் எண்டு பத்தர் கேட்டார், நான் வேண்டாமெண்டிட்டன். அதை எடுத்துப் பாத்தபோது பெருவிரலை அந்தக் குழிக்க வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தனான்.

கொப்பியில 41 வரி வந்திருக்கு. 42 இல இருந்து உனக்கு விட்டிருக்கிறன், உங்க கொண்டுபோனது என்னென்ன, எதுக்க வைச்சிருக்கிறாய், ஒண்டொண்டா எழுதி அனுப்பு. மற்றது, நெருப்புப் பெட்டிக்க ஒரு தனிச் சுரை கிடக்கு, எங்கட ஒரு தோட்டுக்கும் பூட்டுப்படுதில்லை. நீ கொண்டுபோன சிவப்புக்கல் தோட்டில ஒண்டுக்கு றப்பர் மூடி போட்டிருந்தாய் எல்லே, கழட்டிப் பாத்துச் சொல்லு. உன்ர எண்டா பேர் எழுதி ஒரு பைக்க போட்டு வைக்கிறன்.

அம்மா