ஆந்தை முகம் இல்லை பாப்பா, முட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயத்தில், நடுக் கோபுரத்துக்குக் கீழே இருக்கிற கல் வளைவை நீ எடுத்த போட்டோ வந்தது. ஆந்தை முகம் மாதிரி இருக்கிறது, யாரோ நேற்று டிசைன் போட்டுச் செருகியது போல என்று எழுதியிருந்தாய். அம்மாவும் ஆந்தைதான் என்கிறாள். நாற்பது வருஷம் கொத்தனார் கரண்டி பிடித்த எனக்கு அது முட்டு கொடுத்த வேலையாகத்தான் தெரிந்தது.

அந்தக் கோயிலில் எல்லாமே கூர் வளைவு, அதாவது உச்சி கூராக முடிகிற வளைவு. அதை நேற்று நம் வாசலில் ஆணியும் கயிறும் வைத்துப் போட்டுப் பார்த்தேன். 10 அடி அகலத்துக்கு அரைவட்டம் போட்டால் 5 அடிதான் ஏறும். அதற்கு மேல் கேட்டால் கிடைக்காது. கூர் வளைவுக்கு ஒரு முனையில் ஆணி அடித்து, மறுமுனை வரை கயிறு பிடித்து, அங்கிருந்து மேலே ஒரு வளைகோடு. ஆணியை மறுமுனைக்கு மாற்றி இந்தப் பக்கம் அதே மாதிரி ஒன்று. இரண்டும் கூடுகிற இடம் 8½ அடியைத் தாண்டுகிறது. ஆணிகளை வெளியே தள்ளி வைத்தால் இன்னும் உயரும். இடம் அகலமோ குறுகலோ, உச்சியை ஒரே மட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சுவரைப் பக்கவாட்டில் தள்ளுவதும் குறைவு. 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு வானத்துக்கு ஏறியது சும்மா இல்லை.

வெல்ஸில் ஆசை அதிகமாகிவிட்டது. 1313இல் நடுக் கோபுரத்தை உயர்த்த ஆரம்பித்தார்கள். பாரம் தாங்காமல் அஸ்திவாரம் இறங்கி, விரிசல் விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய கடைக்கால் மேல் மாடி எழுப்பச் சொல்லி, நான் மறுத்ததும் வேறு ஆளை வைத்துக் கட்டி, அப்புறம் என்னையே முட்டு கொடுக்கக் கூப்பிட்ட வீட்டுக்காரர் உனக்கு ஞாபகம் இருக்கும்.

அங்கே முட்டு கொடுக்கக் கூப்பிட்ட ஆள் வில்லியம் ஜாய் என்ற தலைமைக் கொத்தனார். 1338இலிருந்து 1348 வரை, ஒரு கூர் வளைவின் தலைமேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து, கத்தரிக்கோல் மாதிரி மூன்று பக்கம் கட்டித் தூண்களை இறுக்கிவிட்டார். நீ ஆந்தைக் கண் என்றது பக்கத்து வட்ட ஓட்டைகளை. கல் மிச்சம், எடையும் மிச்சம். நானாக இருந்தால் அடைத்துத்தான் கட்டியிருப்பேன்.

மறுபடி லீவு கிடைத்துப் போனால் ஒரு வேலை செய். வளைவு தூணைத் தொடுகிற இடத்தைக் கிட்டப் போய் போட்டோ எடு. கல்லைத் தூணுக்குள் குடைந்து கவ்வவிட்டிருக்கிறார்களா, வெறுமனே ஒட்டி நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்க்கணும். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ, அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா